கட்டில் பதினொன்றில் பெய்த மழை

ஜலஜாட்சி சித்தியைக் கல்யாண வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால் வம்பு. பந்தியில் யாராவது ஒருவர் கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தால் போதும், பக்கத்து இலைக்காரரை நகரச் சொல்லி அங்கே போய் உட்கார்ந்துகொள்வார்.

"எப்படி விழுந்தீங்க?"

"ஏணியிலேருந்து மாராயா. மிளகு பறிக்க ஏறினேன்."

"ஏணி சரிஞ்சுதா, நீங்க சரிஞ்சீங்களா?"

"ரெண்டும் சேர்ந்துதான்."

"எது முதல்ல?"

"ஜலஜா, அந்தப் பாயசத்தைக் குடிக்க விடு. நான் விழுந்ததைவிட நீ கேக்கறது வலிக்குது."

எல்லோரும் சிரிப்பார்கள். சித்தியும் சிரிப்பார். ஆனால் பாயசம் முடிந்ததும் மறுபடியும் கேட்பார். (எங்கள் பக்கத்தில் ஆண், பெண் யாரையும் உரிமையோடு 'மாராயா' என்போம்.)

சித்தி என் அம்மாவின் தங்கை. நாற்பத்திரண்டு வயது. எங்களோடுதான் இருக்கிறார். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் ரெக்கார்ட் ரூமில் பதினெட்டு வருஷமாக வேலை. நான் பியூசி, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடித்து ஒரு வருஷம் ஆகிறது. அடுத்து என்ன என்பது இன்னும் பிடிபடவில்லை. அதனால் காலையில் அவரை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவதும் மாலையில் கூட்டி வருவதும் என் பொறுப்பாகிவிட்டது. இதை எழுதும் அளவுக்கு எனக்கு விஷயம் தெரிந்தது அந்தப் போக்குவரத்தில்தான். நோயாளிகளின் பெயரை அவர் வண்டியில்கூடச் சொல்ல மாட்டார். மோனப்ப கௌடர் மட்டும் தன் கதையைத் தானே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டதால் அவர் பெயரை எழுதுகிறேன்.

சித்தியின் வேலை இதுதான். நோயாளி குணமாகி வீட்டுக்குப் போனதும் அவருடைய கோப்பு இவர் மேசைக்கு வரும். டாக்டரும் நர்சும் எழுதிய ஒவ்வொரு வரியையும் படித்து, என்ன நோய், என்ன காயம், காயம் எதனால் வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் போட வேண்டும். அந்த எண்கள் ஒரு தடித்த புத்தகத்தில் இருக்கின்றன. இங்கே போடும் அதே எண்ணைத்தான் ஆப்பிரிக்காவிலும் போடுகிறார்களாம். விழுவதற்கு மட்டும் இருபது எண்கள். கட்டிலிலிருந்து விழுந்தால் ஆறு. படியில் விழுந்தால் பத்து. மரத்திலிருந்து விழுந்தால் பதினான்கு. பாக்குத் தோட்டங்கள் நடுவில் இருக்கும் ஊர் என்பதால் எங்களுக்குப் பதினான்கு நிறைய. பனிக்கட்டியில் சறுக்கி விழுந்தாலும் ஓர் எண் உண்டு. அதை ஒருமுறையாவது போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று சித்திக்கு ரகசிய ஆசை.

எண்ணுக்குப் பிறகு ஒரு புள்ளி வைத்து எந்த இடம் என்று எழுத வேண்டும். வீடு என்றால் பூஜ்யம். தோட்டம் என்றால் ஏழு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்றால் இரண்டு. எப்படி விழுந்தார், எங்கே விழுந்தார் எதுவுமே கோப்பில் இல்லை என்றால் 'பத்தொன்பது, புள்ளி, ஒன்பது.' சித்திக்கு உலகத்திலேயே பிடிக்காத எண் அது. "தெரியாதுங்கறதுக்கு ஒரு நம்பர் வெச்சிருக்காங்க பாரு," என்பார். "அதைப் போடும்போதெல்லாம் பரீட்சையில வெள்ளைத்தாள் கொடுத்துட்டு வர்ற மாதிரி இருக்கு."

வேறு வழியும் இல்லை. கோப்பில் எழுதியிருப்பதற்குத்தான் எண் போடலாம். ஊகிக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் டாக்டருக்குச் சீட்டு அனுப்பிக் கேட்கலாம். அதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. "இவர் வார்டில் விழுந்தாரா?" என்று கேட்கக் கூடாது. அது பதிலைச் சொல்லிக் கொடுப்பதாகும். "இந்தக் காயம் எப்படி வந்தது என்று தெரிவிக்கவும்" என்றுதான் கேட்க வேண்டும்.

போன ஜனவரியில் மோனப்ப கௌடரின் கோப்பு வந்தது. அறுபத்தெட்டு வயது. நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலோடு, தன் காலால் நடந்து வந்து சேர்ந்திருக்கிறார். முதல் மூன்று நாளும் காய்ச்சல், மருந்து, கஞ்சி. நான்காம் நாள் எக்ஸ்ரே எடுத்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். நல்ல மணிக்கட்டோடு வந்தவருக்கு எலும்பு எப்படி முறிந்தது? டாக்டர் எழுதியதில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நர்ஸ் குறிப்பில் ஒரே ஒரு வரி இருந்தது. 'காலை 5.20. நோயாளி பதினொன்றாம் கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தார். டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது.' கீழே கையெழுத்து, ஹில்டா.

சித்தி சீட்டு அனுப்பினார். பதில் வரவில்லை. நேரில் போனார்.

டாக்டர் உபாத்யாய மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உட்கார்ந்திருந்தார்னு தெளிவா எழுதியிருக்கே ஜலஜாட்சி. உட்கார்றதுக்கு உங்க புத்தகத்துல நம்பர் இல்லையா?"

"இருக்கு சார். ஆனா உட்கார்ந்தா மணிக்கட்டு உடையாது."

"வயசானவர். தலை சுத்தியிருக்கும்."

"அப்படி எழுதித் தர்றீங்களா சார்?"

"நான் பார்க்கலையேம்மா. நான் வர்றதுக்குள்ள கட்டில்ல படுத்திருந்தார். வார்டுல கேளு."

வார்டில் கேட்பதற்கு முன் சித்தி இன்னொன்று செய்தார். மூன்று வருஷத்துப் பதிவை எடுத்து, தானே போட்ட பத்தொன்பது புள்ளி ஒன்பதுகளைத் தேடினார். அவற்றில் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே காயம் வந்தவர்களை மட்டும் தனியாகப் பிரித்தார். மோனப்ப கௌடருடையதையும் சேர்த்து ஏழு கோப்புகள். அன்று மாலை ஸ்கூட்டரில் பாலம் தாண்டியதும் என் தோளைத் தட்டினார்.

"ஏழும் ஆம்பளை வார்டு. ஏழும் பின்சுவத்துப் பக்கக் கட்டில், ஒன்பதிலேருந்து பன்னெண்டுக்குள்ள. ஏழும் காலையில அஞ்சு மணிக்கும் அஞ்சரைக்கும் நடுவுல. ஏழும் 'உட்கார்ந்திருந்தார்'."

"பேய் ஏதாவது இருக்கும் சித்தி."

"பேய்க்கு மாசக் கணக்கு உண்டா? டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச். அதுலதான் ஏழும். மழைக்காலத்துல ஒண்ணுகூட இல்லை."

எனக்கும் அது உறைத்தது. எங்கள் ஊரில் ஜூனிலிருந்து அக்டோபர் வரை தரை காயவே காயாது. எல்லோரும் வழுக்கி விழுவது அப்போதுதான். வார்டில் மட்டும் எப்படி உலர்ந்த மாதங்களில் விழுவார்கள்?

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரி கேண்டீனில் சித்தி ஹில்டாவைப் பிடித்தார். ஹில்டாவுக்கு இருபத்தைந்து வயது. ஊர் மங்களூர்க் கடலோரம். முதல் வருஷம் சோதனைக் காலம். மார்ச் முப்பத்தொன்றோடு அது முடியும். அப்போதுதான் வேலையை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று மேட்ரன் விமலா முடிவு செய்வார். இரவு ட்யூட்டி முடிந்து தூங்கி எழுந்து வந்த ஹில்டா, வாழைப்பழம் பிசைந்து பொரித்த கேண்டீன் பன்ஸைப் பிய்த்து டீயில் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹில்டா, அந்தப் பதினொன்றாம் கட்டில்காரர்..."

பன்ஸ் பாதி டீக்குள் விழுந்தது. "அய்யோ ஜலஜாக்கா, அது வேணாம்."

"ஏன் வேணாம்?"

"விழுந்தார்னு எழுதினா தனி ஃபாரம் போடணும். அதுல 'பொறுப்பில் இருந்தவர்'னு ஒரு கோடு இருக்கு. அதுல நான் கையெழுத்துப் போடணும். மூணு வருஷம் முன்னாடி இங்க இருந்த ஸ்வப்னா சிஸ்டர் போட்டாங்களாம். மூணாம் மாசம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் எங்க வார்டுல யாரும் விழறதில்லை. எல்லாரும் உட்கார்றாங்க."

"அந்த போர்டு..."

"ஆமா, அந்த போர்டுதான்."

வார்டு வாசலில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. 'இந்த மாதம் நோயாளி விழுதல்: 0.' ஆஸ்பத்திரியைச் சோதிக்க வரும் அதிகாரிகள் முதலில் பார்ப்பது அதைத்தான். மேட்ரன் தினமும் அந்தப் பூஜ்யத்தைத் துணியால் துடைத்துப் புதிதாக எழுதுவாராம்.

ஹில்டா டீயில் மிதந்த துண்டைக் கரண்டியால் எடுத்தாள். "எனக்கு இது மூணாவது ஆஸ்பத்திரி அக்கா. இதுவும் போச்சுன்னா எங்கப்பா குவைத்துக்கு டிக்கெட் எடுத்துடுவார். அங்க அத்தை இருக்காங்க. எனக்குப் போக இஷ்டமில்லை. எங்க வீட்ல எல்லாரும் போய்ட்டாங்க. நான் ஒருத்தியாவது இங்க இருக்கணும். நீங்க அந்த நம்பரைப் போட்டா என் வேலை போயிடும்."

சித்திக்கு இது தெரியாது. பதினெட்டு வருஷமாக வெள்ளைத்தாள் கொடுக்கிறோமே என்று தன்னைத்தான் நொந்துகொண்டிருந்தார். எழுதாமல் விட்டதற்குப் பின்னால் ஒருத்தியின் வேலை இருக்கும் என்று நினைத்ததே இல்லை. ஆனாலும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"நம்பர் அப்புறம். ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவர் எப்படி இறங்கினார்? கட்டிலோட பக்கக் கம்பி தூக்கித்தானே இருந்தது?"

"இருந்தது. அதைத் தாண்டிக் குதிச்சார் அக்கா! மூணு நாளா ஒண்ணுக்குப் போகக்கூட என் தோளைப் பிடிச்சவர். திடீர்னு எழுந்து கம்பி மேல கால் போட்டார். நான் அந்தக் கோடியிலேருந்து ஓடி வர்றதுக்குள்ள கீழே. 'பாக்கு, பாக்கு'ன்னு கத்தினார்."

"பாக்கா?"

"கனவுன்னு நினைச்சேன்."

சித்தி அன்று முழுக்க வெற்றிலை பாக்கையே யோசித்தார். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் விடிந்ததும் வெற்றிலை போட்டால்தான் கண்ணே திறப்பார்கள். வார்டில் அதற்கு அனுமதி இல்லை. அதற்காக ரகசியமாக எழுந்து ஜன்னல் பக்கம் போகிறார்களோ? மாலையில் நான்தான் அதைக் கெடுத்தேன். "மழைக்காலத்துல வெத்தலை போட மாட்டாங்களா சித்தி? அப்பதான் இன்னும் ஜாஸ்தியாப் போடுவாங்க."

"ச்சே," என்றார்.

அந்த வாரமே மோனப்ப கௌடர் மாவுக்கட்டைக் காட்ட வெளிநோயாளிப் பகுதிக்கு வந்தார். அவர் மனைவி பாகீரதியம்மாவும் கூட வந்திருந்தார். சித்தி கோப்பைக் கொண்டுபோகும் சாக்கில் அவர்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கை எப்படி இருக்கு மாமா? எப்படி விழுந்தீங்க?"

"நான் எங்க விழுந்தேன்? இறங்கினேன். தரை கொஞ்சம் முன்னாடி வந்துடுச்சு."

பாகீரதியம்மா முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார். "சொல்லுங்க, வெக்கப்படாம சொல்லுங்க. இவருக்கு மட்டும் மழை பெஞ்சுதாம் மகளே! ஜனவரி மாசத்துல! நான் வீட்ல முற்றத்துலதான் நிக்கறேன், ஒரு சொட்டு இல்லை. பத்து மைல் தள்ளி கட்டில்ல படுத்திருக்கிறவருக்கு அடைமழை!"

"சத்தம் கேட்டது மாராயா! தகரத்து மேல கொட்டற சத்தம். எனக்கா மழை தெரியாது? அறுபது வருஷமா கேக்கறேன்."

"உடனே எழுந்து ஓடியிருக்கார், பாக்கை மூட. ஆஸ்பத்திரில பாக்கை எங்க காயப்போட்டிருந்தீங்க, டாக்டர் தலை மேலயா?"

சித்தி எழுந்து நின்றுவிட்டார். இது எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லாத விஷயம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் பழுத்த பாக்கு காய்ந்துகொண்டிருக்கும். நாற்பது நாள் வெயில் வேண்டும். நடுவில் ஒரு மழை நனைத்தால் உள்ளே கறுத்துவிடும், ஒரு வருஷ உழைப்பு போயிற்று. அதனால் அந்த மாதங்களில் யாரும் முழுசாகத் தூங்குவதில்லை. காது மட்டும் விழித்திருக்கும். ஓட்டின் மேல் நாலு சொட்டு விழுந்தால் போதும், வீடு மொத்தமும் எழுந்து தார்ப்பாயைத் தேடி ஓடும். போன வருஷம் அப்படி ஓடியபோது என் அப்பா என் மேலேயே இடித்துக்கொண்டார்.

சித்தி ரெக்கார்ட் ரூமுக்குத் திரும்பி அந்த ஏழு கோப்புகளின் முதல் பக்கத்தைப் பார்த்தார். தொழில் என்ற இடத்தில் ஏழிலும் 'விவசாயம்.' அதே கட்டில்களில் படுத்திருந்த பஸ் டிரைவரோ, வாத்தியாரோ, பாத்திரக்கடைக்காரரோ ஒருவர்கூட உட்கார்ந்துவிடவில்லை.

"ஆனா மழை எங்கேருந்து வந்தது?" இந்தக் கேள்வியை வண்டியில், சாப்பாட்டில், பல் தேய்க்கும்போது என்று மூன்று நாள் கேட்டார். நாலாம் நாள் விடியற்காலை நாலரைக்கு என்னை எழுப்பினார். "வண்டியை எடு."

ட்யூட்டி டாக்டரிடம் முந்தின நாளே சொல்லி வைத்திருந்தார். பதினொன்றாம் கட்டில் அன்று காலியாக இருந்தது. சித்தி அதில் போய்ப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஹில்டாதான் ட்யூட்டி. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்காத பெண் ஆம்பளை வார்டுக்குள் போகக் கூடாது என்பதால் நான் பின்பக்கம், சைக்கிள் ஷெட் அருகே ஸ்கூட்டரை நிறுத்தி அதிலேயே உட்கார்ந்திருந்தேன். குளிராக இருந்தது. அஞ்சு மணிக்கு பம்ப் பார்க்கும் தனியப்பா பீடியோடு வந்தார், ஸ்விட்சைப் போட்டார், என்னைப் பார்த்தார்.

"இந்த நேரத்துல இங்க என்ன மகளே?"

"சித்தியோட வந்தேன் அண்ணே. அவங்க படுத்திருக்காங்க."

"என்ன உடம்புக்கு?"

"ஒண்ணும் இல்லை. சும்மா படுத்துப் பாக்கறாங்க."

அவர் என்னையும் வார்டையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, "படிச்சவங்க வீட்டு விஷயம்," என்று சொல்லி டீ குடிக்கப் போய்விட்டார்.

இருபது நிமிஷத்தில் மேலே தொட்டி நிரம்பியது. நிரம்பிய தண்ணீர் ஒரு குட்டைக் குழாய் வழியாக எட்டடி கீழே இருந்த சைக்கிள் ஷெட்டின் தகரக் கூரை மேல் கொட்டியது. முதலில் நாலு சொட்டு. பிறகு தடதடவென்று. எனக்கு முதுகு நிமிர்ந்தது. தொட்டியைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தும், 'நம்ம முற்றம்!' என்றுதான் நினைப்பு ஓடியது. ஸ்கூட்டரைப் பாதி கிளப்பியேவிட்டேன்.

உள்ளே நடந்ததை ஹில்டா சொல்லித்தான் தெரியும். சத்தம் கேட்டதும், அதற்காகவே காத்துப் படுத்திருந்த சித்தி, கண்ணைத் திறக்காமலேயே துள்ளி எழுந்து ஒரு காலைக் கம்பிக்கு மேல் போட்டுவிட்டார். அதே நேரம் ஒன்பதாம் கட்டிலில் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து இரண்டு நாளான ஒரு பெரியவர் போர்வையை வீசிவிட்டு எழுந்தார். ஹில்டா இந்தத் தடவை தயாராக இருந்தாள். ஓடிப்போய் அவர் இரண்டு தோளையும் பிடித்து அழுத்தினாள்.

"விடும்மா! மழை! பாக்கு!"

"தொட்டித் தண்ணி தாத்தா! மழை இல்லை, தொட்டி!"

"தொட்டியா? என் தொட்டியா?"

"ஆஸ்பத்திரித் தொட்டி! படுங்க!"

சித்தி கம்பியின் மேல் காலோடு அப்படியே நின்று இதைப் பார்த்திருக்கிறார். "ஜலஜாக்கா," என்றாளாம் ஹில்டா, தாத்தாவை விடாமல், "முதல்ல நீங்க இறங்குங்க. நீங்களும் விழுந்தீங்கன்னா நான் எதுல எழுதறது?"

காரணம் கிடைத்துவிட்டது. நான் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒரு நீளக் குழாய் வைத்துத் தண்ணீரைச் சாக்கடையில் விட்டால் தீர்ந்தது. ஆனால் சித்தி வீட்டுக்கு வரும் வழியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"குழாய் வைக்கச் சொல்லுங்க சித்தி."

"எதுக்குன்னு கேப்பாங்க. வார்டுல விழறாங்கன்னு சொல்லணும். யார் விழுந்தாங்கன்னு கேப்பாங்க. பதிவுல ஒருத்தர்கூட விழலையே. போர்டுல பூஜ்யம். விழாதவங்களுக்கு எதுக்குக் குழாய்?"

"சும்மா காதுல போட்டு வெச்சா?"

"தனியப்பாகிட்ட சொன்னா அவர் மாத்திடுவார். அந்த வார்டு சரியாகிடும். ஆனா நாளைக்கு வேற ஏதாவது ஒண்ணால விழுவாங்க. அதையும் உட்கார்ந்தார்னுதான் எழுதுவாங்க. அதுக்கு மூணு வருஷம் கழிச்சு யாராவது போய்ப் படுத்துப் பாக்கணும்."

வழி ஒன்றுதான் இருந்தது. மோனப்ப கௌடரின் கோப்பில் ஹில்டா தான் பார்த்ததை எழுத வேண்டும். பழைய வரியை அடிக்கக் கூடாது. அதன் கீழே இன்றைய தேதியும் நேரமும் போட்டு, 'தாமதமாகச் சேர்த்த குறிப்பு' என்று எழுதலாம். அதற்கு விதி இடம் கொடுக்கிறது. ஆனால் அதை எழுதினால் ஹில்டா, தான் முதலில் முழுசாக எழுதவில்லை என்றும் சேர்த்தே ஒப்புக்கொள்வாள்.

சித்தி கோப்பைக் கொண்டுபோய் அவள் முன் வைத்தார்.

"நான் என்ன எழுதணும் அக்கா? நீங்களே சொல்லிடுங்க."

"நான் சொல்லிக் கொடுக்கக் கூடாது ஹில்டா. எழுதச் சொல்லவும் மாட்டேன். எழுதலைன்னா நான் பத்தொன்பது புள்ளி ஒன்பது போட்டுக் கட்டி வெச்சுடுவேன். உன் மேல ஒண்ணும் வராது."

"எழுதினா?"

"எழுதினதுக்குத் தகுந்த நம்பர் போடுவேன்."

ஹில்டா பேனாவைத் திறந்தாள், மூடினாள். ஒன்பதாம் கட்டில் தாத்தா உள்ளே இருமிக்கொண்டிருந்தார். தையல் பிரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். பத்து நிமிஷம் ஆயிற்றாம். பிறகு மேலிருந்து கீழாக எல்லாவற்றையும் எழுதினாள். கம்பி தூக்கியிருந்தது, அதைத் தாண்டி விழுந்தார், வலக்கையை ஊன்றினார், 'மழை, பாக்கு' என்றார், தகரக் கூரையில் தண்ணீர்ச் சத்தம் இருந்தது, இரண்டு நாள் கழித்து அதே சத்தம் கேட்டதற்கு இன்னொருவர் எழுந்தார்... எதையும் விடவில்லை. கடைசியில் 'பொறுப்பில் இருந்தவர்' என்று தனி ஃபாரத்திலும் கையெழுத்துப் போட்டாள். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோதுதான் 'இரண்டு நாள்' தப்பு, அது இரண்டு வாரம் என்று கண்டுபிடித்து, ஒரு கோடு போட்டுத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டாள்.

சித்தி எண் போட்டார். ஆறு, புள்ளி, இரண்டு. கட்டிலிலிருந்து, ஆஸ்பத்திரியில்.

மேட்ரன் கூப்பிட்டு அனுப்பினார். ஹில்டா, சித்தி, டாக்டர் உபாத்யாய மூவரும் போனார்கள். மேட்ரன் விமலா சத்தமாகப் பேச மாட்டார். அதுதான் பயம்.

"ஜலஜாட்சி, மூணு வருஷமா பூஜ்யம். நீங்க ஒரே நாள்ல கலைச்சுட்டீங்க."

"நான் கலைக்கலை மேடம். அங்க பூஜ்யம் இல்லவே இல்லை." மற்ற ஆறு கோப்புகளையும் மேசை மேல் வைத்தார். "இவங்க எல்லாரும் உட்கார்ந்தவங்க."

மேட்ரன் ஒவ்வொன்றாகப் புரட்டினார். நேரம், மாதம், கட்டில். மூன்றாவது கோப்பில் நின்றார். அது ஸ்வப்னா சிஸ்டரை வீட்டுக்கு அனுப்பியதற்கு அடுத்த மாதத்துக் கோப்பு.

"தனியப்பா அஞ்சு மணிக்கு பம்ப் போடறது என் உத்தரவு," என்றார். "குளிக்கத் தண்ணி வரலைன்னு வார்டுல சண்டை வந்தது. அதுக்காக."

டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "நான் தலைசுத்தல்னு நினைச்சேன். எழுதாம விட்டது நல்லதாப் போச்சு."

மறுநாளே குழாய் நீண்டது. ஆனால் ஹில்டாவுக்கு ஒரு கடிதமும் வந்தது. குறிப்பைத் தாமதமாக எழுதியதால் சோதனைக் காலம் ஜூன் முப்பது வரை நீட்டப்படுகிறது. சித்தி அதைப் படித்துவிட்டு அன்று சாப்பிடவே இல்லை. "உண்மையை எழுதினவளுக்கு மூணு மாசம். எழுதாதவங்களுக்கு ஒண்ணும் இல்லை," என்று என்னிடம் கத்தினார். ஏதோ நான்தான் மேட்ரன் என்பதுபோல.

ஹில்டா கத்தவில்லை. அவள் வேறொன்று செய்தாள். வார்டில் ஒருவர் புதிதாகச் சேரும்போது நர்ஸ் ஒரு தாளை நிரப்ப வேண்டும். முன்பு விழுந்திருக்கிறாரா, கண் தெரிகிறதா, நடக்கக் கம்பு வேண்டுமா என்று கேட்டு, விழும் ஆபத்து எவ்வளவு என்று கணக்கிடும் தாள். அதன் அடியில் ஹில்டா பேனாவால் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டாள். 'வீட்டு முற்றத்தில் பாக்கு காய்கிறதா? மழை வந்தால் மூடுவது யார்?'

பெரியவர்களுக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துவிட்டது. காய்ச்சலைப் பற்றிக் கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்பவர்கள், இதற்குக் கால் மணி நேரம் சொன்னார்கள். மூட ஆளில்லை என்பவருக்குத் தாழ்வான கட்டில், நர்ஸ் மேசைக்குப் பக்கத்தில். ஆள் இருக்கிறது என்பவருக்கு இரவு எட்டு மணிக்கு வீட்டிலிருந்து போன் வர வேண்டும். 'மூடியாச்சு' என்று அவர் காதில் சொல்ல வேண்டும். அதைக் கேட்டால்தான் தூக்கம்.

மார்ச் கடைசியில் ஒரு விடியற்காலை நிஜமாகவே மழை பெய்தது. எங்கள் வீட்டில் நாலு பேரும் தார்ப்பாயின் நாலு மூலையைப் பிடித்து ஓடினோம். வார்டில் பதினேழு பேர். போர்வைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அசைந்தனவாம். ஹில்டா நடுவில் நின்று குரல் கொடுத்தாள். "யாரும் இறங்கக் கூடாது! நிஜ மழைதான்! ஆனா எல்லார் வீட்லயும் மூடியாச்சு! எங்கிட்ட லிஸ்ட் இருக்கு!"

"என் வீட்ல?" என்றது ஒரு குரல்.

"உங்க மருமக மூடிட்டா மாமா!"

"அவளா? அப்ப நான் இறங்கியே ஆகணும்."

வார்டே சிரித்தது. ஆனால் அவர் இறங்கவில்லை.

அந்த மாதத்தில் இரண்டு பேர் விழுந்தார்கள். ஒருவர் குளியலறைச் சோப்பில், அதற்குப் பலகை மாறவில்லை; ஒருவர் நாற்காலியிலிருந்து. இரண்டாவது ஹில்டாவின் ட்யூட்டியில். பத்து நிமிஷத்தில் முழுசாக எழுதி, ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டு, மேட்ரன் மேசையில் தானே கொண்டுபோய் வைத்தாள். மேட்ரன் அதைப் படித்தார். எழுந்து வார்டு வாசலுக்குப் போனார். பூஜ்யத்தைத் துடைத்து '2' என்று எழுதினார். மூன்று வருஷத்தில் அந்தப் பலகையில் பூஜ்யம் அல்லாமல் வந்த முதல் எண் அது.

மேட்ரன் ஜூன் வரைக்கும் காத்திருக்கவில்லை. ஏப்ரல் இரண்டாம் வாரம் ஹில்டாவின் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் வந்தது. அதோடு புதிதாக அச்சடித்த சேர்க்கைத் தாள்களும் ஒரு கட்டு வந்தன. பாக்குக் கேள்வி அதில் எட்டாவது.

கடிதத்தோடு ரெக்கார்ட் ரூமுக்கு ஓடி வந்த ஹில்டா, வாசல் மிதியடியில் கால் மாட்டி, கதவைப் பிடித்து, பாதி மண்டியிட்டு நின்றாள். நான் சித்தியைக் கூட்டிப் போக வந்திருந்தேன். இருவரும் பதறி எழுந்தோம்.

"அடி பட்டுதா?" என்றேன் நான்.

"குவைத் இல்லை!" என்றாள் ஹில்டா, கடிதத்தை ஆட்டிக்கொண்டு.

சித்தி அவளைத் தூக்கி நிறுத்தினார், கட்டிக்கொண்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு குனிந்து மிதியடியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"கால் முதல்ல மாட்டுச்சா," என்றார், "இல்ல இது முதல்ல நகர்ந்துதா?"